ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைகிறதா? இங்கிருந்து தொடங்குங்கள்

பசியோடுதான் உட்காருகிறீர்கள். தட்டில் கால்வாசி கூட காலியாகவில்லை, அதற்குள் வயிறு திம்மென்று ஆகி, இன்னும் ஒரு வாய் வைத்தால் எல்லாம் வெளியே வந்துவிடும் போல இருக்கிறது. எப்போதாவது ஒரு நாள் இப்படி ஆவது எல்லோருக்கும் உண்டு: முந்தின வேளை அதிகமாகப் போயிருக்கும், மலச்சிக்கல் இருக்கும், அல்லது மனசு சரியில்லாமல் இருக்கும். அதை விட்டுவிடலாம். இரண்டு மூன்று வாரமாகத் தொடர்ந்து இப்படியே இருந்தால் மேலே படியுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொந்தரவு வந்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது இரண்டுதான்: கஷ்டப்பட்டு உள்ளே தள்ளுவது, இல்லையென்றால் மருந்துக்கடையில் ஒரு செரிமான மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது. இரண்டையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். தட்டைப் பெரிதாக்கப் பார்க்காமல், அந்தச் சின்னத் தட்டுக்குள் சத்தைக் கூட்டுவதுதான் உங்கள் கையில் உள்ள வேலை. காரணத்தைக் கண்டுபிடிப்பது மருத்துவர் வேலை, ஆனால் அதற்குத் தேவையான பாதித் தகவல் உங்களிடம்தான் இருக்கிறது.

படி 1: இது எந்தத் தொந்தரவு என்று பிரியுங்கள்

"சாப்பிட முடியவில்லை" என்ற ஒரே பேச்சுக்குள் நாலு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கும். பசியே எடுக்காமல் இருப்பது ஒன்று. பசி எடுத்து, உட்கார்ந்து, சீக்கிரம் நிறைந்துவிடுவது இன்னொன்று. நாம் பேசுவது இதைத்தான். வழக்கமான அளவு சாப்பிட முடிகிறது, ஆனால் சாப்பிட்டபின் மணிக்கணக்கில் வயிறு கனமாகவே கிடக்கிறது என்பது மூன்றாவது, இது இரண்டாவதோடு அடிக்கடி சேர்ந்தே வரும். நாலாவது, விழுங்கிய உணவு தொண்டையிலோ நெஞ்சிலோ சிக்கி நிற்பது. அது வயிறு நிறைவதே இல்லை, உணவுக்குழாய் சம்பந்தப்பட்டது, அப்படி இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள்.

எது உங்களுடையது என்று ஒரே வரியில் சொல்லத் தெரிந்தால் மருத்துவர் அறையில் பாதி நேரம் மிச்சம்.

படி 2: உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

காலியாக இருக்கும்போது இரைப்பைக்குள் 100 மில்லிக்கும் குறைவாகத்தான் இடம் இருக்கும். முதல் கவளம் இறங்கியதும், வேகஸ் என்ற நரம்பின் வழியாகக் கட்டளை போய், இரைப்பையின் மேல்பகுதி இளகி விரிகிறது. அதனால்தான் ஒரு லிட்டர், அதற்கு மேலும் கூட, பெரிய அழுத்தம் தெரியாமல் உள்ளே போகிறது. இந்த இளகல் சரியாக நடக்காவிட்டால் கொஞ்சம் உணவுக்கே உள்ளே அழுத்தம் ஏறிவிடும், மூளைக்கு "போதும்" என்ற சேதி போய்விடும்.

கீழ்ப்பகுதியின் வேலை அரைப்பது. திட உணவை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துணுக்குகளாக ஆக்கிய பிறகுதான் சிறுகுடலுக்குள் விடும். அதனால் ஒரு சாதாரணச் சாப்பாடு இரைப்பையை விட்டுப் போக மூன்று நாலு மணி நேரம் பிடிக்கும். வெறும் தண்ணீரோ அரை மணிக்குள் பாதிக்கு மேல் போய்விடும். இந்த வேகம் குறைந்துவிட்டால் காலையில் சாப்பிட்டதன் மிச்சத்தின் மேலேயே மதியச் சாப்பாடு போய் விழும். நீரிழிவு நெடுநாள் இருப்பவர்களுக்கும், வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட சிலருக்கும் இது வரலாம், கேஸ்ட்ரோபரேசிஸ் என்பார்கள். பலருக்குக் காரணமே தெரியாமலும் வரும்.

இளகாமல் போவது, மெதுவாவது என்று இரண்டு வழிகளைப் பார்த்தோம். மூன்றாவது வழி, இரைப்பையின் அளவும் வேகமும் சரியாகவே இருக்கும், ஆனால் அதன் நரம்புகள் சின்ன விரிவைக் கூடப் பெரிதாக உணரும். நாலாவது, வெளியிலிருந்து ஏதாவது அழுத்துவது: கர்ப்பம், வயிற்றில் நீர் கோத்தல், வீங்கிய கல்லீரல் அல்லது மண்ணீரல், சினைப்பைக் கட்டி. ஐந்தாவது, இரைப்பைக்குள்ளேயோ அதன் வாசலிலோ புண்ணோ கட்டியோ இருப்பது. உணர்வு ஒன்றுதான், காரணம் இத்தனை. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மருந்து உங்களுக்குக் கேட்காமல் போவது இதனால்தான்.

படி 3: காத்திருக்கக் கூடாத அறிகுறிகளைப் பாருங்கள்

சாப்பாட்டு முறையை மாற்றிப் பார்க்கும் முன் இதைச் செய்துவிட வேண்டும், வரிசையை மாற்றாதீர்கள்.

ரத்த வாந்தி, காப்பித்தூள் போன்ற வாந்தி, தார் போலக் கருத்துப் பிசுபிசுப்பாகப் போகும் மலம், எதைச் சாப்பிட்டாலும் வாந்தி, குடிக்கும் தண்ணீர் கூடத் தங்காதது, தாங்க முடியாத வயிற்றுவலி, இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மலம் கருப்பாகப் போவது சகஜம், ஆனால் அதை நீங்களே முடிவு செய்துகொள்ளாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்த சில நாளுக்குள் பார்க்க வேண்டியவை: முயற்சி செய்யாமலே எடை இறங்குவது, விழுங்கச் சிரமம், ரத்தசோகை, மஞ்சள் காமாலை, வயிற்றில் கைக்குத் தட்டுப்படும் கட்டி, முந்தின நாள் உணவு அப்படியே வாந்தியில் வருவது, நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்திருப்பது. எடைக்கு ஒரு கணக்கு உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதம் தானாகக் குறைந்தால் அதைக் கவனிக்க வேண்டிய இறக்கம் என்பார்கள். 60 கிலோ இருந்தவருக்கு அது 3 கிலோ. வயதும் ஒரு காரணம்: 55, 60 வயதுக்கு மேல் புதிதாக இந்தத் தொந்தரவு தொடங்கினால் வேறு அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதனை செய்வதே முறை.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், இதைப் பலர் தவறவிடுகிறார்கள். சீக்கிரம் வயிறு நிறைவதோடு வயிற்று உப்புசம், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் வருவது ஆகியவையும் புதிதாகச் சேர்ந்து, மாதத்தில் 12 தடவைக்கு மேல் வந்தால், குறிப்பாக 50 வயதைத் தாண்டியிருந்தால், சினைப்பையைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சினைப்பைப் புற்றுநோய் ஆரம்பத்தில் வெறும் வாயுத் தொல்லை மாதிரியேதான் தெரியும். ஒரு ரத்தப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும்தான் முதல் படி, பெரிய வேலை இல்லை. குழந்தை பெறும் வயதில் இருப்பவர்கள் கர்ப்பம் இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள், சிரிக்காதீர்கள், இது நிஜமாகவே நடக்கிறது.

படி 4: சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் மேசையில் எடுத்து வையுங்கள்

இந்தப் படி எளிது, ஆனால் யாரும் செய்வதில்லை. எடை குறைப்புக்கும் நீரிழிவுக்கும் போடும் செமாக்ளூடைட், லிராக்ளூடைட் வகை ஊசிகள் இரைப்பையை மெதுவாக்கி வயிறு நிறைந்த உணர்வைக் கொடுப்பவை. அதைப் போட்டுக்கொண்டு வயிறு ஏன் நிறைகிறது என்று குழம்ப வேண்டியதில்லை, ஆனால் அளவு அதிகமாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்கலாம். டிராமடால், கோடீன் போன்ற வலி மருந்துகள் இரைப்பையையும் குடலையும் சேர்த்தே மந்தமாக்கும். பழைய வகை மனச்சோர்வு மருந்துகளில் சில, சிறுநீர்ப்பைக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், ஒவ்வாமைக்கு எடுத்துக்கொள்ளும் தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகள் ஆகியவையும் அப்படித்தான். மெட்ஃபார்மின் குமட்டலையும் பசியின்மையையும் தரலாம். வலிக்கு அடிக்கடி எடுக்கும் ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் இரைப்பையில் புண் உண்டாக்கும்.

எந்த மாத்திரை எப்போது தொடங்கியது, தொந்தரவு எப்போது தொடங்கியது, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பொருந்தினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், அதிலும் ரத்த அழுத்தம், சர்க்கரை, மனநல மருந்துகளைத் திடீரென்று விடுவது ஆபத்து.

படி 5: ஒரு வாரம் எழுதுங்கள்

செயலி எல்லாம் தேவையில்லை, ஒரு தாள் போதும். எத்தனை மணிக்கு, என்ன, எவ்வளவு சாப்பிட்டீர்கள், எந்தக் கட்டத்தில் நிறைந்தது, அதற்கப்புறம் எவ்வளவு நேரம் கனமாக இருந்தது, குமட்டலோ ஏப்பமோ வலியோ வந்ததா, அன்று மலம் போனதா. மலச்சிக்கலை ஏன் இதில் சேர்க்கிறேன் என்றால், பெருங்குடல் நிறைந்து கிடந்தால் மேலே இரைப்பையும் மந்தமாகிவிடும், அதைச் சரிசெய்தாலே சிலருக்குப் பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடுகிறது.

எடையை வாரத்துக்கு ஒரு முறை, காலையில், ஒரே தராசில் பாருங்கள். தினமும் பார்த்தால் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்துப் பயப்படுவதுதான் மிச்சம்.

ஒரு வாரத்துத் தாளைப் பார்த்தாலே சில விஷயங்கள் தெரிந்துவிடும். காலையில் நன்றாகச் சாப்பிட முடிகிறது, நேரம் ஆக ஆக மோசம் என்றால் இரைப்பை சரியாகக் காலியாகவில்லை என்று சந்தேகப்படலாம். திரவம் தங்குகிறது, திட உணவு மட்டும் முடியவில்லை என்றாலும் அப்படியே. அலுவலக நாளில் மட்டும் வருகிறது, விடுமுறையில் இல்லை என்றால் பதற்றமும் அவசரச் சாப்பாடும் காரணமாக இருக்கலாம்.

படி 6: சாப்பிடும் விதத்தை மாற்றுங்கள்

இதுதான் நீங்கள் நேரடியாகச் செய்யக்கூடியது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மூன்று வேளையை ஐந்தாறு வேளையாக உடையுங்கள். இரண்டரை முதல் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, பசி எடுக்கிறதா என்று காத்திருக்காமல், மணி பார்த்துச் சாப்பிடுங்கள். சும்மா கொறித்துக்கொண்டே இருப்பது இது ஆகாது. வேளைக்கு வேளை இடைவெளி இருந்தால்தான் இரைப்பை காலியாக நேரம் கிடைக்கும். எந்த நேரத்தில் நன்றாக இறங்குகிறதோ, பலருக்கு அது காலை, அந்த வேளையைப் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரிச் சாப்பாட்டைச் சின்னதாக்கி, படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள்.

தட்டில் முதலில் எதைத் தொடுகிறீர்கள் என்பது முக்கியம். பசியின் முதல் பத்து நிமிடம்தான் உங்கள் மூலதனம். அதைப் பச்சைக் காய்கறிகளிலும் தண்ணீரான சூப்பிலும் செலவழித்துவிட்டு முட்டையையும் பருப்பையும் மீனையும் கடைசிக்கு வைத்தால் அவை அப்படியே தட்டில் நின்றுவிடும். புரதம் முதலில், மாவுச்சத்து அப்புறம், காய்கறி கடைசியில், அதுவும் நன்றாக வேக வைத்தது. ஆரோக்கியம் என்று எங்கும் சொல்லும் புத்திமதிக்கு இது நேர் எதிர்தான், ஏனென்றால் அந்தப் புத்திமதி அளவுக்கு மேல் சாப்பிடுபவர்களுக்குச் சொன்னது. நார்ச்சத்து இரைப்பையில் அதிக நேரம் தங்கும், இடத்தையும் அடைக்கும். தோல், விதை, நார் உள்ள பழங்களைக் கொஞ்ச நாள் தோலுரித்து, மசித்துச் சாப்பிடுங்கள். மலச்சிக்கல் உள்ளவர்கள் நார்ச்சத்தை ஒரேயடியாக விடாமல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள், தொண்டையை நனைக்க ஒன்றிரண்டு மடக்கு போதும். மீதியைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பும், ஒரு மணி நேரம் பின்பும் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் தண்ணீர் குறையக் கூடாது, நேரம்தான் மாறுகிறது. சோடா வகைகளை விட்டுவிடுங்கள். அதில் உள்ள வாயு உங்களுக்குக் கிடைத்த கொஞ்ச இடத்தையும் பிடித்துக்கொள்ளும். சூயிங்கம், ஸ்டிரா போட்டுக் குடிப்பது, சாப்பிடும்போது ஓயாமல் பேசுவது, எல்லாமே காற்றை விழுங்க வைக்கும்.

திட உணவு இறங்கவில்லை என்றால் வடிவத்தை மாற்றுங்கள். இரைப்பை அரைக்க வேண்டியதை மிக்ஸி அரைத்துக் கொடுத்துவிட்டால் உள்ளே வேலை குறைகிறது. மசித்த உருளைக்கிழங்கு, குழைய வெந்த தானியம், தயிர், பால், பழத்தோடு பாலும் நட் பட்டரும் (வேர்க்கடலை, பாதாம் போன்றவற்றை அரைத்த விழுது) சேர்த்து அரைத்த கெட்டியான பானம் போன்றவை திட உணவை விட லேசாக இறங்கும். காலையில் திட உணவு, சாயங்காலத்துக்கு மேல் திரவ உணவு என்று பிரித்துக்கொள்வது பலருக்குச் சரிப்படுகிறது. திட உணவைச் சாப்பிட்டாலும் கூழாகும் வரை மென்றுவிட்டுத்தான் விழுங்க வேண்டும்.

சரி, கொழுப்பு? இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 தான், அதனால் குறைந்த இடத்தில் சத்தைக் கூட்ட கொழுப்புதான் சுலபமான வழி. ஆனால் கொழுப்பு சிறுகுடலைத் தொட்டதும் அங்கிருந்து சுரக்கும் ஹார்மோன்கள் இரைப்பையை மெதுவாக்கிவிடும். பொரித்ததும் எண்ணெயில் மிதப்பதும் ஒரே வேளையில் போனால் அன்று முழுக்கக் கனம்தான். என் யோசனை, ஒரு தேக்கரண்டி எண்ணெய் அல்லது வெண்ணெய் என்று ஒவ்வொரு வேளையிலும் சிறிதாகப் பிரித்துச் சேர்ப்பது, முடிந்தால் திரவத்தில் கலந்து. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சுமார் 40 கலோரி, ஐந்து வேளைக்கு 200. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தாளில் தெரிந்துவிடும், குறைத்துக்கொள்ளலாம்.

சாப்பிட்டு முடித்ததும் படுக்காதீர்கள், சோபாவில் மடங்கிச் சரியவும் வேண்டாம். நிமிர்ந்து உட்காருங்கள், அல்லது பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடங்கள். இடுப்பை இறுக்கும் உடையைத் தளர்த்துங்கள். புகையையும் மதுவையும் விட முடிந்தால் விடுங்கள், இதற்கு மட்டுமில்லை என்று உங்களுக்கே தெரியும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. வேளைகளை உடைப்பதும் தண்ணீரைத் தள்ளுவதும் முதல் வாரம், வடிவ மாற்றம் அடுத்த வாரம் என்று போங்கள். இதற்கிடையில் எடை இறங்கிக்கொண்டே இருந்தால் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரத்தச் சர்க்கரை மிக ஏறியிருந்தாலே இரைப்பை மந்தமாகும். இன்சுலின் போட்டுவிட்டுப் பாதியில் எழுந்துவிட்டால், அல்லது உணவு தாமதமாக இறங்கினால், ஊசி வேலை செய்யும் நேரத்தில் சர்க்கரை ரத்தத்துக்கு வந்திருக்காது, சர்க்கரை தாழ்ந்துவிடும். ஊசியின் நேரத்தையும் அளவையும் மாற்ற வேண்டுமா என்று உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்காமல் உணவு முறையை மாற்றாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை, ஐந்து நாளுக்கு மேல் கிட்டத்தட்ட ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தவர்களுக்கு. திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகள் அபாயகரமாக இறங்கலாம். இவர்கள் மருத்துவக் கண்காணிப்பில்தான் மெல்ல ஆரம்பிக்க வேண்டும். உடம்பு ஏறிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தவர்களுக்கும் இரைப்பை மந்தமாகி, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடும். சரியாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகு அது மெல்லத் திரும்பும். அந்தப் பயம் உங்களுக்கு இருந்தால் மருத்துவரிடம் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

படி 7: மருத்துவரிடம் போகும்போது

எழுதிய தாள், எடைக் கணக்கு, மாத்திரைப் பட்டியல், இந்த மூன்றும் கையில் இருக்கட்டும். "கேஸ் பிரச்சினை" என்று ஆரம்பிக்காதீர்கள், அப்படி ஆரம்பித்தால் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு முடிந்துவிடும். "பசிக்கிறது, ஆனால் முன்பு சாப்பிட்டதில் கால்வாசியில் நிறைந்துவிடுகிறது, இத்தனை வாரமாக, எடை இவ்வளவு குறைந்திருக்கிறது" என்று சொல்லுங்கள்.

முதலில் வழக்கமாக ரத்தப் பரிசோதனைகள், ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமிக்கான மூச்சு அல்லது மலப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன், எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டு இரைப்பைக்குள் பார்ப்பது). இந்தக் கிருமிதான் இரைப்பைப் புண்ணுக்குக் காரணம் என்பதை நிரூபிக்க 1984-ல் பேரி மார்ஷல் அதைத் தானே குடித்துப் பார்த்தார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. உங்களுக்கு இதில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஒமெப்ரசோல், பான்டாப்ரசோல் போன்ற அமில மாத்திரைகளைப் பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பும், ஆன்டிபயாடிக்கை நாலு வாரம் முன்பும் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். எப்படி நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்டோஸ்கோபியில் அடைப்போ புண்ணோ இல்லை, ஆனாலும் சந்தேகம் தீரவில்லை என்றால் இரைப்பை எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்று பார்க்கும் பரிசோதனை உண்டு. மிகக் குறைந்த அளவு கதிரியக்கப் பொருள் கலந்த உணவைக் கொடுத்து நாலு மணி நேரம் படம் எடுப்பார்கள். நாலாவது மணியில் 10 சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் தாமதம் என்று அர்த்தம். இரண்டு மணியோடு முடித்துவிடும் இடங்களும் இருக்கின்றன, நாலு மணி வரை எடுப்பார்களா என்று முன்பே கேட்பது நல்லது.

படி 8: "எல்லாம் நார்மல்" என்று சொல்லிவிட்டால்

இது நிறையப் பேருக்கு நடக்கும், நடந்ததும் சிலர் உடைந்துபோய்விடுகிறார்கள், தன்னை யாரும் நம்பவில்லை என்று. நார்மல் என்றால் கட்டியும் புண்ணும் அடைப்பும் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். முன்னே சொன்ன இளகலும் நரம்பு உணர்வும் எண்டோஸ்கோபியில் தெரியாது. இதற்கு ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா என்று பெயர் இருக்கிறது. செரிமானத் தொந்தரவுகளை வகைப்படுத்த மருத்துவர்கள் பயன்படுத்தும் ரோம் வரையறை 2016-ல் வெளியானது, அதன்படி வாரத்தில் மூன்று நாளாவது சீக்கிரம் நிறைவதோ சாப்பிட்டபின் கனமோ தொந்தரவாக இருக்க வேண்டும், கடைசி மூன்று மாதம் அப்படி இருந்திருக்க வேண்டும், முதலில் தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

இதற்கு மருந்துகள் உண்டு. மனநல மருந்துகள் என்று பெயர் பெற்ற மிர்டாசபின், பஸ்பிரோன் போன்றவற்றைச் சிறிய அளவில் மருத்துவர் கொடுக்கலாம். சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்து மருத்துவர் உங்களை மனநோயாளி ஆக்கிவிட்டார் என்று கோபப்பட வேண்டாம். பஸ்பிரோன் இரைப்பையின் மேல்பகுதியை இளக வைக்கிறது, மிர்டாசபின் பசியைத் தூண்டுகிறது, குமட்டலைக் குறைக்கிறது. இரைப்பையை வேகப்படுத்தும் மெட்டோகுளோப்ரமைடு, டாம்பெரிடோன் விஷயத்தில்தான் நான் எச்சரிக்கையாக இருப்பேன். முதலாவதை நெடுநாள் எடுத்தால் முகம், நாக்கு தானாக அசையும் நிலை வந்து, நிறுத்திய பிறகும் போகாமல் நிற்கலாம். இரண்டாவது சிலருக்கு இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கும். எத்தனை நாள் எடுக்க வேண்டும் என்று கேட்காமல் தொடங்காதீர்கள், பழைய சீட்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்கவும் வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்கள் இதைப் படித்தால் உங்களுக்கும் ஒன்று. "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று பக்கத்தில் நின்று சொல்வது உதவாது, பதற்றம் கூடினால் வயிறு இன்னும் சீக்கிரம் மூடிக்கொள்ளும். தட்டைச் சின்னதாகப் போட்டு, மூன்று மணி கழித்து அடுத்ததை நினைவுபடுத்துங்கள், போதும். வயதானவர்களாக இருந்தால் பல், வாய்ப்புண், விழுங்கும் சிரமம், புதிய மாத்திரை இவற்றை நீங்களே கேட்டுப் பாருங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

நார்மல் என்று வந்த பிறகும் எடையை மாதம் ஒரு முறையாவது பாருங்கள். எடை மறுபடி இறங்கினாலோ, வாந்தி, கருத்த மலம், விழுங்கச் சிரமம் என்று படி 3-ல் உள்ளது ஏதாவது புதிதாக வந்தாலோ, போன வருடம் எண்டோஸ்கோபி எடுத்தாயிற்றே என்று உட்கார்ந்திருக்காமல் பழைய அறிக்கையையும் எடுத்துக்கொண்டு திரும்பப் போங்கள்.